இரண்டு வானத்துக்கு ஒரு பெட்டி

போன மாசம் ஒரு சனிக்கிழமை. அசைன்மெண்ட்டை இன்னைக்கு முடிச்சே தீரணும்னு உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் கதவு தட்டற சத்தம். கீழ்வீட்டு அண்ணை. நான் குடியிருக்கறது மாண்ட்ரியாலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு வீட்டுக்காரர், எனக்குக் காய்ச்சல் வந்தா ரசம் கொடுத்தனுப்பற மனுஷர், ரெண்டுமே அவர்தான்.

"தம்பி, நீர் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைதானே. உதை ஒருக்காப் பார்த்துச் சொல்லும்" என்று போனை நீட்டினார். ஜெர்மனியில் இருக்கிற அவருடைய அக்கா அனுப்பின படம். ஒரு சின்ன கறுப்புப் பெட்டி, பின்னாடி ரெண்டு ஓட்டை. ஒண்ணு டிஷ்ஷுக்கு, இன்னொண்ணு ஆன்டெனாவுக்கு.

"ஒரே பெட்டி. சட்டிலைட்டும் பிடிக்குதாம், அன்டெனாவும் பிடிக்குதாம். ஒரே ரிமோட். மச்சான் வரேக்க உதிலை ஒண்டு கொண்டு வரச் சொல்லட்டோ?"

விஷயம் என்னன்னா, அவரோட அம்மாவுக்கு வயசு எண்பத்திநாலு. வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நானும் அம்மம்மான்னுதான் கூப்பிடறேன். தமிழ் சேனல் டிஷ்ஷில் வருது. உள்ளூர் சேனல் எல்லாம் ஆன்டெனா வச்சா காத்துல சும்மாவே வருது. ரெண்டு ரிமோட்டை வச்சுக்கிட்டு அம்மம்மா தினமும் திண்டாடறாங்க. மாசா மாசம் பில் வேற ஏறிக்கிட்டே போகுது.

"சின்ன விஷயம் அண்ணை, ஒரு மணி நேரத்துல பார்த்துச் சொல்றேன்" என்றேன். ஒரு வாரம் ஆச்சு. பெட்டியைத் தேடப் போனவன் எழுபது வருஷ வரலாறுக்குள்ள மாட்டிக்கிட்டேன். அதான் இந்தப் பதிவு. நீளம் ஜாஸ்தி, காபி போட்டுக்கிட்டு வாங்க.

முதல்ல நம்ம மொட்டைமாடிக் கணக்கு. மாண்ட்ரியாலுக்கு நடுவுல மவுண்ட் ராயல்னு ஒரு மலை, 233 மீட்டர். கொடைக்கானல்காரர் பார்த்தா இதெல்லாம் ஒரு மலையான்னு சிரிப்பார். ஆனா அதன் உச்சியில்தான் இந்த ஊரோட டிவி டவர் நிக்குது. கனடாவோட முதல் டிவி நிலையமான சிபிஎஃப்டி ஒளிபரப்பைத் தொடங்கினது இந்த ஊர்லதான், 1952 செப்டம்பர் 6. டொராண்டோ ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தது. எங்க வீட்டிலிருந்து மலை தென்கிழக்கே இருக்கு, அதனால ஆன்டெனா அந்தப் பக்கம் பார்க்கணும். டிஷ் தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே திரும்பி, 91 டிகிரி மேற்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிக்கிற சாட்டிலைட்டைப் பார்க்கணும். நாம பூமத்திய ரேகையிலிருந்து ரொம்ப தூரத்துல இருக்கறதால அது வானத்துல சுமார் 35 டிகிரி உயரத்துலதான் இருக்கும். சென்னையில் டிஷ் எல்லாம் உச்சி வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். இங்க எதிர்வீட்டுக் கூரையை முறைச்சுக்கிட்டு நிக்கும். ஆக வீடு ஒண்ணு, வானம் ரெண்டு. அண்ணை கேட்டது இந்த ரெண்டு வானத்துக்கும் ஒரே பெட்டி.

இதுல எனக்கு முதல் ஆச்சரியம் என்னன்னா, சாட்டிலைட்டும் ஆன்டெனாவும் ஜோடி சேர்ந்தது புதுசே கிடையாது. ஆரம்பத்துலேர்ந்தே ஜோடிதான். ஆனா அந்த முடிச்சு விழுந்தது வீட்டுக்குள்ள இல்ல, டவர் அடியில.

1972 நவம்பரில் கனடா ஆனிக் ஏ-1 சாட்டிலைட்டை அனுப்புச்சு. ஒரு நாடு தன் உள்நாட்டுத் தொடர்புக்காகவே பூமியோட சேர்ந்து சுத்தற சாட்டிலைட் வச்சுக்கிட்டது உலகத்துலயே அதுதான் முதல். ஆனிக்னா இனுயிட் மக்களோட மொழியில் தம்பின்னு அர்த்தம். (அண்ணை கிட்ட இதைச் சொன்னப்ப "அப்ப உமக்குச் சொந்தக்காரன்தான்" என்றார்.) அந்தத் தம்பி அனுப்பின படத்தை வடக்கே பனிப்பிரதேச ஊர்கள்ல யாரும் வீட்டு டிஷ்ஷில் பிடிக்கலை. ஊருக்கு ஒரு பெரிய டிஷ் வாங்கி, பக்கத்துல ஒரு சின்ன டவர் வச்சு மறுபடி காத்துல விட்டாங்க. வீட்டுல இருந்தது சாதா ஆன்டெனாதான்.

நம்ம ஊர்ப் பக்கம் 1975 ஆகஸ்ட் 1-ல் சைட் சோதனை ஆரம்பிச்சுது. நாசாவோட ஏடிஎஸ்-6 சாட்டிலைட்டை ஒரு வருஷத்துக்கு வாங்கி, ஆறு மாநிலங்கள்ல சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியா டிவி. கோழிவலைக் கம்பியில் செஞ்ச பத்தடி டிஷ். திட்டத்துக்கு வித்திட்ட விக்ரம் சாராபாய் அதைப் பார்க்க உயிரோட இல்ல, 1971-லயே போயிட்டார். தமிழ்நாடு அந்த ஆறு மாநிலத்துல கிடையாது. ஆனா ரெண்டே வாரத்துல, ஆகஸ்ட் 15 அன்னைக்கு, மெட்ராஸ் தூர்தர்ஷன் டவர் வழியா வந்துடுச்சு.

அதைவிட ருசியான சங்கதி, அந்த சைட் ஒளிபரப்பைக் கொழும்புல உட்கார்ந்து ஒருத்தர் பார்த்தார். ஆர்தர் சி. கிளார்க். சாட்டிலைட்டை இப்படி வானத்துல ஒரே இடத்துல நிக்க வச்சா உலகம் பூரா பேசலாம்னு 1945-லயே எழுதினவர். அவருக்காக இஸ்ரோகாரங்க அவர் வீட்டுலயே டிஷ் வச்சுக் கொடுத்தாங்க. அப்போ இலங்கையில் டிவி ஒளிபரப்பே கிடையாது. ஐடிஎன் 1979-ல், ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-ல்தான் வந்தது. ஒரு நாட்டுக்கு டவர் டிவி வர்றதுக்கு முன்னாடியே சாட்டிலைட் டிவி வந்திருக்கு, ஒரே ஒரு வீட்டுக்கு!

ரூபவாஹினின்னதும் இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் பார்த்த காலம் இல்ல, அப்பா சொன்னது. எங்க ஊர் தூத்துக்குடிப் பக்கம். எண்பதுகளோட ஆரம்பத்துல மெட்ராஸ் டவர் அங்க வரை எட்டாது. ஆனா இலங்கையோட உச்சி மலை பிதுருதலாகல மேல, 2,524 மீட்டர் உயரத்துல, ரூபவாஹினி டவர் நின்னுது. எங்க ஊருக்கும் அதுக்கும் நேர்கோட்டுல சுமார் 350 கிலோமீட்டர், பெரும்பகுதி கடல். சாதாரணமா அவ்வளவு தூரம் வராது. ஆனா கடல் மேல சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் அடுக்கடுக்கா நிக்கறப்ப, அலை வளைஞ்சு ஒரு குழாய்க்குள்ள போற மாதிரி ரொம்ப தூரம் ஓடும். அப்பாவோட தெருவுல ஒருத்தர் ஆன்டெனாவைப் பிடிச்சுத் திருப்ப, இன்னொருத்தர் கீழேர்ந்து "வந்துட்டு... போயிட்டு... அப்படியே வச்சிரு"ன்னு கத்துவாராம்.

அப்புறம் 1983 ஆகஸ்ட்ல இன்சாட்-1பி போச்சு. அடுத்த வருஷம் தினம் ஒரு டவர்ங்கற கணக்குல நாடு பூரா சின்னச் சின்ன ரிலே டவர் முளைச்சுது. டவர் அடியில டிஷ், டிஷ்ஷில் வந்தது டவர் வழியா வீட்டுக்கு. அதே கல்யாணம்தான். ஆனா இங்கதான் விஷயம் இருக்கு. அந்தச் சின்ன டவர்கள் பெரும்பாலும் சாட்டிலைட்ல வந்த டெல்லி நிகழ்ச்சியைத்தான் பிடிச்சுக் கொடுத்தது. மெட்ராஸ்ல தமிழ்ல என்ன ஓடினாலும் அது வேற கதை. 1987-ல் கொடைக்கானல் டவர் வந்தப்புறம்தான் தென்மாவட்டங்களுக்கு மெட்ராஸ் ஒழுங்கா வந்தது. அதுவரைக்கும் கொஞ்ச நேரமாவது தமிழ் கேட்கணும்னா ஆன்டெனாவை அக்கரைக்குத் திருப்பினவங்க உண்டு.

இதை எழுதறப்பதான் எனக்கு உறைச்சுது. ரெண்டு வானமும் எங்கேயோ ஓரிடத்துல சந்திக்கத்தான் செய்யுது. அந்தச் சந்திப்பு யார் கையில இருக்கோ, அவங்கதான் நம்ம வீட்டுல என்ன ஓடணும்னு முடிவு பண்றாங்க. எண்பதுகள்ல அது அரசாங்க டவர். 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தப்ப அது தெருமுனைக் கேபிள்காரர் மொட்டைமாடி. அவர் எந்த டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினாரோ அதுதான் தெருவுக்கே சினிமா.

வட அமெரிக்காவுல அந்தச் சந்திப்பு கம்பெனியோட பெட்டிக்குள்ள போச்சு. அண்ணை கேட்ட மாதிரி ரெண்டும் பிடிக்கிற பெட்டி இங்க இருந்ததே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. இருந்தது. அமெரிக்காவுல 1999-ல் சட்டம் மாறற வரைக்கும், உள்ளூர் சேனலை அதே ஊர்க்காரங்களுக்கு டிஷ் கம்பெனி சாட்டிலைட் வழியா காட்ட வழி இல்லாம இருந்தது. அதனால டிஷ் வச்சவனுக்கும் கூரை மேல ஒரு ஆன்டெனா தேவைப்பட்டது. அப்புறம் எச்டி வந்தது. ஒரு எச்டி சேனல் பல சாதா சேனலோட இடத்தை அடைச்சுக்கும். ஊர் ஊருக்கு எச்டி அனுப்ப சாட்டிலைட்ல இடம் பத்தலை. உடனே கம்பெனிகளே தங்க பெட்டியில ஆன்டெனா ஓட்டையும் வச்சு, "உள்ளூர் எச்டியைக் காத்துல பிடிச்சுக்கோங்க"ன்னாங்க. பிறகு புது சாட்டிலைட் போச்சு, படத்தைச் சுருக்கற முறை முன்னேறிச்சு, இடம் கிடைச்சுது. ஓட்டை மெதுவா காணாம போக ஆரம்பிச்சுது. ஆக ரெண்டும் பிடிக்கிற பெட்டி இங்க பஞ்சகாலத்துப் பிள்ளை. கம்பெனிக்குத் தேவை இருந்தவரைக்கும் இருந்தது.

கனடாவுல வீட்டு டிஷ் கம்பெனிகள் எக்ஸ்பிரஸ்வியூ, ஸ்டார் சாய்ஸ் ரெண்டும் 1997-ல் வந்தது. இதுல அவன் பெட்டி இவன் சாட்டிலைட்டைத் திறக்காது. இவன் பெட்டி அவனுதைத் திறக்காது. பூட்டு வேற, சாவி வேற. நடுவுல பலபேர் எல்லைக்கு அந்தப் பக்க அமெரிக்கக் கம்பெனி பெட்டியை வாங்கி, அமெரிக்க முகவரி கொடுத்து, காசும் கட்டி இங்க பார்த்துக்கிட்டிருந்தாங்க. காசு கட்டித்தானே பார்க்கறோம், இது திருட்டாங்கறது கேள்வி. 2002 ஏப்ரல்ல கனடா உச்ச நீதிமன்றம் பெல் எக்ஸ்பிரஸ்வியூ எதிர் ரெக்ஸ் வழக்குல சொல்லிடுச்சு: கனடாவுல உரிமை பெற்றவங்க அனுமதி இல்லாம பூட்டுப் போட்ட சாட்டிலைட் அலையைத் திறக்கறதே தப்பு, அது எந்த நாட்டு அலையா இருந்தாலும் சரி. அந்த வழக்குல தலையிட்டவங்க பட்டியல்ல ஒரு இபெரோ அமெரிக்கக் காங்கிரஸ், அதாவது ஸ்பானிய மொழி பேசற குடியேறிகளோட அமைப்பு, இருந்ததைப் பார்த்தப்ப எனக்கு அம்மம்மா ஞாபகம்தான் வந்தது. தாய்மொழியில டிவி பார்க்கற ஆசை உச்ச நீதிமன்றப் படி வரைக்கும் ஏறியிருக்கு.

இதுல வேடிக்கை, அதே அமெரிக்கா ஆன்டெனாவுல வந்தா தப்பே கிடையாது. இங்கேர்ந்து சுமார் 125 கிலோமீட்டர் தள்ளி வெர்மாண்ட்ல மான்ஸ்ஃபீல்ட் மலை. அந்தப் பக்கத்து டவர்களை 1954-லேர்ந்தே மாண்ட்ரியால்காரங்க ஆன்டெனாவைத் திருப்பிப் பார்க்கறாங்க. எங்கப்பா பிதுருதலாகலவைப் பார்த்த மாதிரியேதான்! (எங்க வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. மவுண்ட் ராயல் குறுக்கே நிக்குது.) டவரிலிருந்து பூட்டில்லாம வர்ற அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. பூட்டின அலைக்கு மட்டும் பாஸ்போர்ட் வேணும்.

சரி, ஜெர்மனிப் பெட்டிக்கு வருவோம். ஐரோப்பாவுல டிவிபின்னு ஒரு பொதுத் தரம் வச்சுக்கிட்டாங்க. தொண்ணூறுகள்ல முதல்ல சாட்டிலைட்டுக்கு, அப்புறம் டவருக்கு. ரெண்டும் ஒரே குடும்பம்ங்கறதால, முன்னாடி ரெண்டு ட்யூனர் வச்சா பின்னாடி படத்தைப் பிரிக்கிற வேலை எல்லாம் ஒண்ணுதான். எந்தக் கம்பெனியும் செய்யலாம், எந்தக் கடையிலும் வாங்கலாம். பூட்டில்லாத சேனலும் அங்க ஏராளம். அதாவது அங்க அந்தச் சந்திப்பு வாங்கறவன் கையில இருக்கு. வட அமெரிக்கா டவருக்கு ஏடிஎஸ்சின்னு தனித் தரம் எடுத்துக்கிச்சு, அமெரிக்கா 1996-ல், கனடா அடுத்த வருஷம். அதனால மச்சான் ஜெர்மனிப் பெட்டியைக் கொண்டு வந்தா ஆன்டெனா ஓட்டை இங்க குருடு. டிஷ் ஓட்டை பூட்டில்லாத சில சேனலை மட்டும் பார்க்கும், அம்மம்மாவோட சேனலைப் பார்க்காது. அந்த ஊர்லயும் எல்லாம் சுகம்னு இல்ல. 2017 மார்ச்ல ஜெர்மனி டவர் ஒளிபரப்பைப் புது முறைக்கு மாத்தினப்ப பழைய பெட்டி வச்சிருந்தவங்க மறுபடி வாங்க வேண்டி வந்தது.

மாறறதுன்னா இங்கயும் மாறிச்சு. 2011 ஆகஸ்ட் 31-ல் மாண்ட்ரியால் உட்பட பெரிய ஊர்கள்ல அனலாக் டவர் நின்னுது. அமெரிக்கா 2009-ல் மாறினப்ப வீட்டுக்கு ரெண்டு கூப்பன், கூப்பனுக்கு 40 டாலர்னு பெட்டி வாங்க அரசாங்கம் கொடுத்தது. கனடா ஒண்ணும் கொடுக்கலை. எங்க ஊர்ல 2006-ல் டிவியையே சும்மா கொடுத்தாங்கய்யா, பெட்டிக்கு நாற்பது டாலர் உங்களுக்குப் பெரிசான்னு கேக்கத் தோணுச்சு. அதைவிட மோசம், 2012 ஜூலை 31-ல் சிபிசி மிச்சமிருந்த 600-க்கும் மேற்பட்ட அனலாக் ரிலே டவர்களை ஒரேயடியா அணைச்சுது. செலவைக் குறைக்க. டவர் போன ஊர்ல சிபிசி வேணும்னா கேபிளோ டிஷ்ஷோ காசு கட்டித்தான் பார்க்கணும். ஆனிக் தம்பி காலத்துல தொலைதூர ஊருக்காகவே டவரைத் தேடிப் போய் நட்ட நாடு இது.

இவ்வளவும் படிச்சுட்டு அடுத்த சனிக்கிழமை அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர்கிட்ட சொன்னது இதுதான்:

ஒண்ணு, ஜெர்மனிப் பெட்டி வேண்டாம். டவர் தரமும் வேற, சாட்டிலைட் பூட்டும் வேற.

ரெண்டு, கம்பெனிக்காரங்க பழைய மாடல்ல ரெண்டும் பிடிக்கிற பெட்டி யாராவது வித்தா, வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நான் சந்தாவை நிறுத்தினா ஆன்டெனாப் பாதி வேலை செய்யுமா? அதுக்கு நேரடியா பதில் வரலைன்னா நடையைக் கட்டுங்க.

மூணு, ஆன்டெனாவுக்குத் தனிப் பெட்டியே தேவையில்ல. உங்க டிவிக்குள்ளயே ஏடிஎஸ்சி ட்யூனர் இருக்கு. கம்பியைச் சொருகி சேனல் தேடச் சொன்னா போதும்.

நாலு, உள்ளூர் சேனல் காத்துல வர்றதால, சந்தாவுல அதுக்குன்னு கட்டற பேக்கேஜைக் குறைக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க.

அண்ணை கொஞ்ச நேரம் பேசலை. "அப்ப ரெண்டு ரிமோட் ரெண்டாவேதான் இருக்கப் போகுதோ?" என்றார். ஆமாம்னேன். முகம் வாடிப்போச்சு. எனக்கும் சங்கடமா இருந்தது. ஒரு வாரம் படிச்சு, கடைசியில அவர் கேட்ட ஒண்ணை இல்லைன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.

"ஆனா அண்ணை, ரெண்டா இருக்கிற வரைக்கும் ஒண்ணை நீங்க நிறுத்தலாம், இன்னொண்ணு ஓடும். ஒண்ணாக் கட்டினா சாவி அவங்க கிட்ட போயிடும்" என்றேன்.

அவர் யோசிச்சுட்டு, "சண்டை நேரம் கரண்ட் இல்லாமல் பட்டரியிலை ரேடியோ கேட்டனாங்கள் தம்பி. எந்தெந்த ஸ்டேஷனோ திருப்பித் திருப்பி. ஒண்டு நிண்டா மற்றது இருக்கும்" என்றார். நான் மூணு பத்தியில எழுதினதை மனுஷர் மூணு வரியில சொல்லிட்டார்.

அன்னைக்கு மத்தியானமே மேல ஏறி ஆன்டெனாவை மலைப் பக்கம் திருப்பி வச்சோம். நான் கூரையில, அவர் பால்கனியில, சின்ன மகள் டிவி முன்னாடி. "வந்துட்டுது... போட்டுது... அப்படியே வைச்சிருங்கோ!" சிபிசி, ராடியோ-கனடா, சிடிவி, டிவிஏ, டெலி-கியூபெக்னு வரிசையா வந்தது. கியூபெக்கோட பல மொழிக்காரங்களுக்காக 2013 டிசம்பர்ல ஆரம்பிச்ச ஐசி சேனலும் வந்தது. அப்பாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். "புள்ளி புள்ளியா வருதால?"ன்னு கேட்டார். டிஜிட்டல்ல புள்ளி வராதுப்பா, வந்தா முழுசா வரும், இல்லேன்னா ஒண்ணுமே வராதுன்னேன். "அது என்னல டிவி"ன்னுட்டு வச்சுட்டார்.

ரிமோட் பிரச்சினையைத் தீர்த்தது எம்.எஸ். படிக்கிற நான் இல்ல, ஆறாம் வகுப்பு படிக்கிற அந்தச் சின்ன மகள். ரெண்டு ரிமோட் முதுகுலயும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, ஒண்ணுல "மலை"ன்னும் இன்னொண்ணுல "வானம்"னும் தமிழ்ல எழுதிட்டா. இப்ப அம்மம்மா சனி ஞாயிறு காலையில மலையில பனி வருதான்னு பார்க்கறாங்க. மத்தியானம் வானத்துல சீரியல்.

சரி மக்களே, அசைன்மெண்ட் இன்னும் அப்படியேதான் இருக்கு. போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க வீட்டு மொட்டைமாடி ஆன்டெனா அந்தக் காலத்துல எந்த ஊரைப் பார்த்து நின்னுது? வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதுங்க.